தொண்டையில் கை வைக்கச் சொன்ன பாடம்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ர, ற இரண்டுக்கும் எனக்கும் எப்போதும் தகராறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நின்றவன் என்பதுகூடச் சரியில்லை, நிறுத்தப்பட்டவன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அம்மா வேலை பார்த்த தறி ஷெட்டில் பன்னிரண்டு தறிகள் ஒன்றாக ஓடும். தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. சத்தம் விடாமல் நாக்கையும் உதட்டையும் மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிக்காரர் பிள்ளைகளுக்கும் அது பழக்கம்.

ஒருநாள் அறிவியல் பாடத்தில் சார் எங்களைத் தொண்டையில் கை வைத்து ‘ஆ’ சொல்லச் சொன்னார். உள்ளே வண்டு பறப்பதுபோல அதிர்ந்தது. அந்த அதிர்வு காற்றில் அலையாகப் போய்க் காதில் விழுகிறது என்றார். பிறகு, பேச்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தொண்டை என்றது வகுப்பு. அங்கே வாயே திறக்காத நான் அன்று எழுந்து, தொண்டை இல்லாமலும் பேசலாம் என்றேன். பேசிக் காட்டச் சொன்னார். கடைசி பெஞ்சைப் பார்த்து, சத்தமில்லாமல், ‘சாப்ட்டியால?’ என்று வாயசைத்தேன். நாலு பேர் ‘சாப்ட்டேன்’ என்று வாயசைத்தார்கள். வகுப்பே சிரித்தது.

“ஏலே, வாத்தியாருக்கே பழிப்புக் காட்டுதியா?”

பிரம்பு முறிந்தது. நாளைக்கு அம்மாவோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். நான் சொன்னதில் என்ன தப்பு? தொண்டை வெறும் ரீங்காரத்தைத்தான் தருகிறது, அதை வார்த்தையாக நறுக்குவது நாக்கும் உதடும்தான் என்று போன மாதம் காது டாக்டர் ஒருவர் படம் காட்டி விளக்கினார். பாதி மார்க்காவது போட்டிருக்கலாம்.

மறுநாள் அம்மா வந்து நின்றாள். சார் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டே சொன்னார்.

“இவனுக்குப் படிப்பு ஏறாது. தறிக்கே கூட்டிட்டுப் போயிரும்மா.”

“சரி சார்” என்றாள் அம்மா.

திரும்பும் வழியில், ஏன் சரி என்றாய் என்று அவள் பின்னாலேயே அழுதுகொண்டு கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல வருஷம் அந்தக் கோபத்தை வைத்திருந்தேன்.

போன மாதம் அந்த டாக்டர் தன் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்றார். எனக்கே இப்படியென்றால், எனக்கு முன்பே தறியில் நின்ற அம்மாவுக்கு? அன்று சார் ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அங்கேயே சண்டைக்கு நின்றிருப்பாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அம்மா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “சார் என்னல சொன்னாரு?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டுதானே நின்றாய், இப்போது எதற்கு இந்த நடிப்பு என்று நினைத்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

எழுதியது: ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், தறிக்கு லீவு.