பழனிசாமி கட்டிய சிவப்பு அட்டைகள்

பழனிசாமிக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டராக இருந்தவர். கழித்துப்போட்ட பெல்ட் துண்டை வெட்டி வாசலுக்கு மிதியடி போட்ட மனுஷன். இவரிடம் விட்டால் வெங்காயச் சருகைக்கூட டப்பாவில் எடுத்து வைப்பார் என்று மனைவி ஜானகியம்மாள் கேலி பண்ணுவாள். அந்த ஜானகியம்மாள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இவரும் ரிடையர் ஆகிவிட்டார். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் மகள் சரிதா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“நீங்க வந்தா போதும்பா. சாமான் ஒண்ணும் வேணாம். இங்க செருப்பு விடவே எடம் இல்ல.”

அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிரைண்டர், இட்லிக் கொப்பரை, மடக்குக் கட்டில், தையல் மெஷின் எல்லாம் எங்கே போகும்? விற்க அவருக்கு மனசில்லை. காயலான் கடையில் போடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முக்கியமாக அந்தத் தையல் மெஷின். டவுன்ஷிப்பின் பதினெட்டாம் பிளாக்கில் பாதிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் அதில் தைத்ததுதான். படுத்த படுக்கையான பிறகும் ஜானகி அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“மெஷின யாராச்சும் ஓட்டறவங்களுக்குக் குடுத்துடுங்க. சும்மா போட்டு வெக்காதீங்க” என்றாள் ஒருநாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வலியைப் பற்றித்தான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் துடைத்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, முன் வராண்டாவில் வரிசையாக வைத்தார். கேட்டை விரியத் திறந்து போட்டார். ஒவ்வொரு சாமானிலும் ஓர் அட்டை கட்டினார். அட்டைக்குக் காசு கொடுப்பானேன்? சுரங்கத்தில் கழித்துப்போட்ட சிவப்பு அட்டைக் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. கெட்டி அட்டை, கட்டக் கயிறும் இருக்கிறது, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் குண்டு குண்டாக எழுதினார்: ‘ஜானகியம்மாள் மெஷின். நன்றாக ஓடும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.’

எழுதிக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்தார். அதற்கும் காரணம் இருந்தது. சின்ன வயசில் அடுத்த வீட்டார் கொடுத்த பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் அவர். கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார்கள். தன் வராண்டாவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பார்வை வேண்டாம் என்று நினைத்தார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. யாரோ வந்து நிற்கும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. வியாழக்கிழமை சாரல் அடித்துக் கட்டில் நனைந்தது. பழனிசாமிக்கு அப்போது ஒன்று உறைத்தது. செத்தவள் புழங்கிய சாமான், அதுவும் அந்த நோயில் செத்தவள். எவன் தொடுவான்? இத்தனை வருஷம் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்த ஜனங்கள்தானே என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கியதும் அழுகை வந்தது. அழுது முடித்து, பழைய இரும்பு எடுக்கும் மினி ஆட்டோக்காரருக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை காலை ஆட்டோ வந்தது. ஏற்றிவிடப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜேந்திரன் ஓடி வந்தார். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“இன்னாண்ணே, காயலானுக்கா போடுறீங்க? ஆளுக்கு ஒண்ணுன்னு ஒதுக்கி டேக் கட்டி வெச்சிருந்தீங்களே?”

“ஒதுக்கினேனா?”

ராஜேந்திரன் மெஷினில் தொங்கிய அட்டையைக் காட்டினார். காற்றில் திரும்பி, எல்லா அட்டையிலும் அச்சடித்த பக்கமே வெளியே தெரிந்தது. சிவப்பில் கறுப்பு எழுத்து: ‘ஆள் வேலை செய்கிறார். தொடாதே.’

சுரங்கத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டு வேலை செய்பவன் மாட்டிவைக்கும் அட்டை அது. அவன் உள்ளே கை விட்டிருக்கும்போது இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். அதனால் அந்த அட்டையைப் பார்த்தால் பெர்மனென்ட் ஆளும் தொடமாட்டான், கான்ட்ராக்ட் ஆளும் தொடமாட்டான். அவன் வீட்டுப் பெண்டு பிள்ளைகளுக்கும் இது தெரியும். முப்பத்து நாலு வருஷம் அதை மாட்டிய பழனிசாமிக்கு, அன்றைக்கு அதன் வெள்ளைப் பக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

“நானே ரெண்டு மூணு பேரத் தொடாதன்னு வெரட்டி வுட்டேண்ணே” என்றார் ராஜேந்திரன், குரல் இறங்கிப்போய். “ரோடு கூட்டுற எழில்மதி இல்ல, கம்மாபுரத்துப் பொண்ணு? அது டைலரிங் படிச்சிருக்குதாம். மூணு நாளா வந்து இந்த மெஷினயே பாத்துகினு நிக்கும். கேக்கட்டுமான்னுச்சு. பின்னாடி பேரு எழுதிக் கட்டி வெச்சிருக்கார்மா, கேட்டா சங்கடப்படுவாருன்னு நாந்தான் சொன்னேன்.”

பழனிசாமி அதற்குமேல் நிற்கவில்லை. மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றச் சொல்லி, டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு கம்மாபுரத்துக்குப் போனார். ஜானகி கேட்டது நடந்துவிடும் என்று வழியெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்ததும், எழில்மதியின் அம்மா வெளியே வந்தாள். மெஷினைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

“அவ இல்லீங்க. நேத்துதான் திருப்பூருக்குப் போனா, பனியன் கம்பெனிக்கு. ஆஸ்டல்ல தங்கிகினு தைக்கணுமாம். ரெண்டு புள்ளைங்களயும் எங்கிட்ட வுட்டுட்டுப் போயிட்டா.”

“போன் போட்டு வரச் சொல்லும்மா. மெஷின் அவளுக்குத்தான். வூட்டுலயே தைக்கலாம்.”

“மூணு வருசத்துக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா.” அவள் கிட்டே வந்து பலகையைத் தொட்டுப் பார்த்தாள். “ஒரு மெஷின் மட்டும் கெடச்சா போவ மாட்டேன்மான்னு சொல்லிகினே இருந்தா. எங்கியோ டவுன்ஷிப்புல ஒண்ணு பாத்தேன், அது யாருக்கோ எடுத்து வெச்சிருக்காங்கன்னா. இதுதானுங்களா அது?”

பழனிசாமி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“எறக்கி வெக்கட்டுமாம்மா?” என்று டிரைவர்தான் கேட்டார்.

“வாணாங்க” என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இத வூட்டுல வெச்சிகினு தெனம் பாக்க என்னால ஆவாது. எடுத்துகினு போயிடுங்க.”

வண்டி திரும்பியது. மெயின் ரோடு வந்ததும் எங்கே போவது என்று டிரைவர் கேட்டார். பழனிசாமி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே, காயலான் கடைக்கே விடச் சொன்னார்.