ஓவர் கொடுக்காமல் போன இருபது நிமிடம்

1. பஸ்ஸில் போன குடை

நர்ஸ் வேலையில் 'ஓவர்' என்று ஒரு சொல் உண்டு. கிரிக்கெட் ஓவர் இல்லை. டியூட்டி முடிந்து போகிறவள் அடுத்து வருகிறவளோடு கட்டில் கட்டிலாக நின்று, யாருக்கு என்ன மருந்து போயிற்று, யாருக்கு இன்னும் போகவில்லை, யார் காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்று வாயால் சொல்லி ஒப்படைப்பதுதான் ஓவர். அதைக் கொடுக்காமல் வார்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது.

இதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நான் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை டியூட்டி. கடைசி மருந்தைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ரிப்போர்ட் புக்கில் மணி மணியாக எழுதி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ஜன்னல் ஓரமாக இடமும் பிடித்துவிட்டேன். போன் அடித்தது. ஹெட் நர்ஸ் ராஜேஸ்வரி அக்கா.

"ஜெசிந்தா, யார் கிட்ட ஓவர் குடுத்த?"

"எல்லாம் புக்குல எழுதிட்டேன்க்கா."

"புக்கு வந்து பேசுமா? எறங்கி வா."

இறங்கி ஓடினேன். என் குடை மட்டும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. மனசுக்குள் அக்காவை என்னென்னவோ திட்டினேன், இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் மதியம் சாப்பிட்டோம். என் டப்பாவில் கேப்பை அடை இருந்தால் அவர் வாங்கிக்கொண்டு தன் வத்தக்குழம்பு சாதத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த வத்தக்குழம்பு வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன்.

2. பீரோவுக்குள் எங்கள் படிப்பு

சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் வாங்கி மேனேஜர் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வேறு வேலை கிடைத்தால் அந்த பீரோவின் முன்னால் நின்று கெஞ்ச வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர்கள், கர்ப்பத்தோடு கடைசி மாதம் வரை ஸ்டூல் மேல் ஏறி டிரிப் மாட்டியவர்கள், எல்லாரும் அந்த பீரோவுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

திண்டிவனத்திலேயே வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் வசந்தா. நர்ஸ்கள் சங்கத்தின் செயலாளர். தினமும் ஒரே பஸ்ஸில் பார்த்துப் பழக்கம். ஒரு பண்டிகைக்கு மறுநாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நகராமல் நின்ற நேரத்தில் அவர் தன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் மடியில் வைத்தார். டோல்கேட் தாண்டுவதற்குள் நான் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், யோசிப்பது பிறகு.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் ராஜேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். அவர் டப்பாவை மூடினார்.

"நம்ம என்னா மில்லுலயா வேல செய்யிறோம்? மெஷின நிறுத்தி வெக்கலாம். பேஷன்ட்ட நிறுத்தி வெக்க முடியுமா?"

"பாக்குறவளே மயங்கி வுழுந்தா பேஷன்ட்ட யாருக்கா பாப்பாங்க?"

"கேளு. இன்னிக்கி உனக்காக அவங்க பேசுவாங்க. நாளைக்கி அவங்க சொல்றதத்தான் நீ பேசணும்."

"பூட்டி வெச்ச பீரோவுக்கு நீங்க காவல் இருங்க," என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து அக்கா தன் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். சங்கத்துக்கு நான் கொடுத்த முதல் சந்தா அந்த மேஜைதான்.

3. "பாத்துக்க"

எட்டு மணி நேர டியூட்டி வேண்டும், சர்ட்டிஃபிகேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டே கோரிக்கை. கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பது, பகல் பன்னிரண்டேகாலுக்கு கேட்டில் இருபது நிமிடம் நிற்பது என்று முடிவாயிற்று. வார்டுக்கு ஒருத்தி கண்டிப்பாக உள்ளே இருக்க வேண்டும்.

ஆண்கள் வார்டில் முப்பது கட்டில். நானும் கலைச்செல்வியும்தான். கலைச்செல்வி பனமலைப் பக்கத்துப் பெண், சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவளுக்குச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். அதனால் மேனேஜரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து சங்கத்தில் சேராமல் இருந்தாள்.

பதினோராவது கட்டிலில் காணையிலிருந்து வந்த கரும்பு விவசாயி, கோவிந்தசாமித் தாத்தா. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். பன்னிரண்டு பத்துக்குப் போட்டேன். சார்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து கேட்டில் கோஷம் ஆரம்பித்தது. பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த கலைச்செல்வியிடம் "பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன். "பாத்துக்க" என்பது ஓவர் இல்லை.

முன்வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் குனிந்த தலையோடு அந்த கேட்டைத் தாண்டிய நாங்கள் அதே இடத்தில் நிமிர்ந்து நின்றோம்.

திரும்பி வந்ததும் புது அட்மிஷன் ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றேகால் மணிக்குக் கலைச்செல்வி கூப்பிட்டாள். தாத்தாவுக்குச் சட்டை நனைய வியர்த்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. சுகர் அடியோடு இறங்கியிருந்தது. டாக்டர் ஓடி வந்தார், டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். அரைமணியில் தாத்தா கண் திறந்து காபி கேட்டார். அப்போதுதான் சார்ட்டைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் கலைச்செல்வியின் கையெழுத்து இருந்தது. காலியாக இருந்ததால் இன்னும் போடவில்லை என்று நினைத்து அவள் இன்னொரு ஊசி போட்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

4. மெம்பர் இல்லாதவள்

கலைச்செல்வி டோஸைத் தப்பாக எடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டி அன்றே மெமோ கொடுத்தார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை நீக்கம். அப்படி வெளியே போனால் சென்னை வேலையும் போய்விடும்.

சாயங்காலம் வசந்தாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் எழுதாத ஜெசிந்தா. எழுதினா, பேஷன்ட்ட வுட்டுட்டு கத்தப் போனாளுங்கன்னு நாளைக்கே மேனேஜரு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவான். எட்டு மணி நேரமும் போச்சி, சர்ட்டிஃபிகேட்டும் போச்சி. அம்பது பேரு விஷயம் இது."

"அப்ப கலைச்செல்வி?"

"அது நம்ம மெம்பர் இல்லியே," என்றார். சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை வசந்தா. அவர் கணக்கிலும் நியாயம் இருந்தது, அதுதான் பேஜாரு.

மறுநாள் கலைச்செல்வி மருந்து டிராலியின் பக்கத்தில் வந்து நின்றாள். காலி சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சரியாத்தான் எடுத்தேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. காலைலருந்து எந்த ஊசி எடுத்தாலும் மூணு தடவ பாத்துக்கினு இருக்கேன்."

அப்போதும் சொல்லவில்லை. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் தாத்தாவுக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். "ஏம்மா சிஸ்டரு, நேத்து நீ ஒண்ணு போட்ட, அந்தப் பொண்ணு வந்து ஒண்ணு போட்டுச்சி. எனக்கு ரெண்டுன்னு நெனச்சிக்கினேன். போடறவங்களுக்குத் தெரியும்னு கம்முனு இருந்துட்டேன்," என்றார். குறை சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். என் கை பம்பை அழுத்தவில்லை.

மாலை ஏழு மணிக்கு ஓவர். ராஜேஸ்வரி அக்கா, கலைச்செல்வி, அடுத்த ஷிஃப்ட்காரர்கள் எல்லாரும் என்னோடு கட்டில் கட்டிலாக வந்தார்கள். பதினோராவது கட்டிலில் நின்றேன்.

"பதினொண்ணு, கோவிந்தசாமி. நேத்து பன்னெண்டு பத்துக்கு இன்சுலின் போட்டது நான். சார்ட்ல எழுதல. ஓவர் குடுக்கல. கலைச்செல்வி சரியாத்தான் எடுத்தா. அவ மேல தப்பு இல்ல."

அதையே ரிப்போர்ட் புக்கிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளுக்கு மேல் தாமதமாகக் கொடுத்த ஓவர். கலைச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

5. விசாரணை

மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வசந்தா சொன்ன மாதிரியே மறுநாள் போர்டில் ஒட்டினார். வசந்தா போனில், "தலையில மண்ணள்ளிப் போட்டுக்கினியே, எங்க தலையிலயும் சேத்து," என்று கத்தினார்.

ஆனால் விசாரணை அன்று முதல் பஸ்ஸில் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"திட்டறதெல்லாம் வெளிய. உள்ள நீ எங்க மெம்பரு," என்றார்.

அவர் மட்டும் இல்லையென்றால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தப்பு தப்புதான், ஆனால் முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது யார் செய்த தப்பு என்று அவர் கேட்டார். அது பொய் என்றார் மேனேஜர். கதவோரம் நின்றிருந்த ராஜேஸ்வரி அக்கா டியூட்டி லிஸ்ட் நோட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"ஆள் பத்தலன்னு நானே மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன் சார். தேதி இருக்குது, பாருங்க."

என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

வேலை போகவில்லை. ஒரு மாதம் சஸ்பென்ஷன், பிறகு இரண்டு வருஷம் நோயாளியே இல்லாத அறையில் கருவிகளை வேகவைத்துத் துணியில் கட்டும் வேலை. மெமோ ரத்தானதும் கலைச்செல்வி தன் ஒரிஜினலை வாங்கிக்கொண்டு சென்னை போனாள். போர்டைப் பார்த்துப் பயந்து எட்டுப் பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள். எட்டு மணி நேர டியூட்டியும் மற்றவர்களின் சர்ட்டிஃபிகேட்டும் கைக்கு வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. "உன்னாலதான் நான் மாசமான வயித்தோட பன்னெண்டு மணி நேரம் நின்னேன்," என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ராஜேஸ்வரி அக்கா கடைசிவரை அந்த மேஜைக்குத் திரும்பவில்லை. இப்போது அவர் இல்லை. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

6. விழுப்புரத்தில், போன மாதம்

சங்கத்தில் சேரலாமா ஆன்ட்டி என்று இளம் நர்ஸ்கள் என்னிடம் கேட்கிறார்கள். சேருங்கள். தனியாக நின்று அந்த பீரோவைத் திறந்தவளை நான் பார்த்ததில்லை. ஆனால் சங்கம் உங்கள் குரலுக்குத்தான். நீங்கள் போட்ட ஊசிக்குக் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும்.

போன மாதம் விழுப்புரத்தில் நர்ஸ்கள் கூட்டம். ரிட்டயர் ஆனவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வசந்தா தடியை ஊன்றிக்கொண்டு மைக் முன்னால் வந்தார். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஓவர் குடுக்காம யாருனா வந்திருந்தா எழுந்து போய்க் குடுத்துட்டு வாங்க. நாங்க காத்துக்கினு இருக்கோம்."

பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கூட்டம் சிரித்தது.

என் பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "எல்லாக் கூட்டத்துலயும் இதத்தான் மொதல்ல கேக்குறாங்க. ஏன் ஆன்ட்டி?"

"யாரோ ஒருத்தி ஒரு தடவ குடுக்காம வந்துட்டாளாம்."

"யாரு அவங்க?"

நான் மேடையைப் பார்த்தேன். வசந்தாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பெண்களும் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, பேச ஆரம்பித்தார்.