பீப் சத்தத்துக்குக் கண்ணை மூடிய பெரியப்பா

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, எல்லாம் கூடி வந்ததும் மெஷின் ஒரு 'பீப்' கொடுக்கும். அந்த நொடியில் பெரியப்பா கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக ஸ்கேன் எடுக்கிறேன். விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை, ஊசி எதுவும் போடாமலே படம்பிடித்து, அவை எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று ஓர் எண்ணாகச் சொல்லும் மெஷின் அது. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த எண் இறங்கினால் குழாய்கள் அடைபட ஆரம்பித்துவிட்டன என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டர் விளக்கடித்துப் பார்க்கும்போது தெரியாததுகூட இதில் தெரியும். ஆனால் சில நொடிகள் சிமிட்டாமல் உட்கார வேண்டும். சிமிட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். எண்ணும் பொய்யாக இறங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அழகாக உட்கார்ந்துவிட்டுப் போகும். என் சொந்தப் பெரியப்பாவுக்கு மட்டும் அது வரவில்லை.

அப்பாவின் அண்ணன் அவர், பல வருடச் சர்க்கரைக்காரர். கோலார் தங்கவயலில் பாதாளத்தில் பாறை உடைத்தவர். சுரங்கத்தை மூடிய பிறகும், கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை ரயிலில் வருவார். வருகிறவர் நேராக வருவாரா? ஸ்டேஷன் பக்கத்தில் தோசையும் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பியும் முடித்துவிட்டுத்தான் வருவார். கேட்டால் கன்னடம் கலந்து, "சும்னே ஒரு வாய் காப்பிம்மா" என்பார். அங்கேயே எனக்குப் பாதி பொறுமை போய்விடும்.

வெளியே இருபது பேர் டோக்கனோடு காத்திருப்பார்கள். உள்ளே நான், "பெரியப்பா, தொறந்து வைங்க, தொறந்து வைங்க" என்று கத்திக்கொண்டிருப்பேன். பீப். மூடிக்கொள்வார்.

"அது தானா மூடிக்குது பாப்பா. வெடி வெக்கறதுக்கு முன்னாடி விசில் ஊதுவான். ஊதினா மூஞ்சத் திருப்பிக்கணும். இல்லன்னா கல்லு தெறிச்சி கண்ணு பூடும்."

"இது சுரங்கம் இல்ல, ஆஸ்பத்திரி!"

"எனக்குத் தெரியுது பாப்பா. இந்தக் கண்ணுக்குத் தெரியலயே, இன்னா பண்றது?"

சிரிப்பு வேறு. அடர்த்தி எண் ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது, இடது கண்ணில் இன்னும் குறைவாக. டாக்டர் மேடம், "இதை நம்பலாமா?" என்று கேட்பார். "வேண்டாம் மேடம், சிமிட்டிக்கிட்டே இருக்கார்" என்பேன். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவேன். மூன்று முறை அப்படி எழுதினேன். எழுதும்போது எனக்குத் துளிகூட உறுத்தவில்லை, பழி தீர்த்த மாதிரிதான் இருந்தது.

நான்காம் முறை அவர் வந்த அன்று மெஷினின் ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தது. பீப் வரவில்லை. பெரியப்பா கண்ணை அகலத் திறந்தபடி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பட்டை எதுவும் இல்லாமல் அத்தனை சுத்தமான படம் அவரிடம் நான் எடுத்ததே இல்லை. எண்ணைப் பார்த்தேன். இடது கண்ணில் முன்பைவிடவும் கீழே இருந்தது. நடுப்பகுதியைச் சுற்றிக் குழாய்களே இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது.

மேடம் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆறு மாசம் முன்னாடி இப்படி ஒரு படம் கிடைச்சிருந்தா லேசர் பண்ணியிருப்பேன்" என்றார். அடுத்த வாரம் லேசருக்கு நாள் குறித்தோம். அதற்குள் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்து, இடது கண் பார்வை போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் திரும்பவில்லை.

ஸ்பீக்கர் சரியான பிறகு மெனுவைத் திறந்து பார்த்தேன். சத்தத்தை அணைக்க ஒரு பட்டன் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. விசில் கதையை அவர் வாயாலேயே கேட்டும், அதை அழுத்தலாம் என்று இந்த மண்டையில் உதிக்கவில்லை. அவரைத் திருத்துவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். சே!

போன பொங்கலுக்கு முன்னால் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"எம்மேலதான் தப்பு பாப்பா. நீ தலபாடா அடிச்சிக்கினே. உம்பேச்சக் கேட்டுக் கண்ணத் தொறந்து வெச்சிருந்தா இப்பிடி ஆயிருக்காது. மனசுல வெச்சிக்காதே."

இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"சரி, விடுங்க பெரியப்பா" என்றேன். நான் அவரை மன்னித்தேன்.