ஆம்பூர் பெட்டியில் அழிந்த ஹாங்காங்

தோல் கம்பெனியில ஷிப்பிங் வேலைன்னா, தப்பு எங்க நடந்தாலும் திட்டு நம்ம மேஜைக்குத்தான் வரும். இதுல மாட்டினவங்களுக்கு நான் புதுசா சொல்ல வேணாம்.

ஆளோட சேர்த்து

தொண்ணூத்தேழு, ஜூலை மாசம் பொறந்த அன்னிக்குக் காலையில, டிவியில இங்கிலீஷ்காரன் கொடி இறங்கினதைப் பார்த்துட்டு வந்த மேனேஜர், ஹாங்காங் இனிமே சீனாவோடதுன்னார். எங்ககிட்ட தோல் வாங்கற பெரிய பார்ட்டி லாவ், ஹாங்காங்காரர். அவர் ஆர்டரை நம்பித்தான் எங்க ஷெட்டே ஓடுது.

பெட்டியில ஊர்ப்பேர் அடிக்கிற ரஹீம் பாய் மைப்பிரஷ்ஷோட அப்படியே நின்னுட்டார். சீனாகிட்ட இங்கிலீஷ்காரன் குத்தகைக்கு எடுத்தது, கெடு முடிஞ்சு திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். பாய்க்கு மனசு ஆறல. "குத்தகை முடிஞ்சா காலி பண்ணிட்டு வீட்டைக் குடுப்பாங்க. இது இன்னா தம்பி, உள்ள இருக்கிற ஜனங்களோட சேர்த்துக் குடுத்திருக்காங்க? அவங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

மேனேஜரின் சுறுசுறுப்பு

மெட்ராஸ் சென்னையானப்ப, பெட்டிகள்ல பேரை உடனே மாத்தி முதலாளிகிட்ட சபாஷ் வாங்கினவர் எங்க மேனேஜர். இதுக்கும் அதே வைத்தியம். லாவுக்குப் போக வேண்டிய பெட்டியிலெல்லாம் 'ஹாங்காங்'கை மையால அழிச்சு 'சீனா'ன்னு அடிக்கச் சொன்னார். பார்ட்டியைக் கேட்டுக்கலாம் சார்னேன். ஊரே கைமாறிடுச்சு, அவரை இன்னா கேக்கறதுன்னு என் வாயை அடைச்சுட்டார்.

சரக்கு துறைமுகத்துல நின்னுபோச்சு. பேப்பர்ல ஒரு ஊர், பெட்டியில வேற ஊர், ஏத்த மாட்டோம்னுட்டாங்க. கடல் காத்துல கிடந்து பூஞ்சை பிடிச்சா தோல் குப்பைக்குத்தான். லாவுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கத்துவார்னு பார்த்தேன். அவர் இங்கிலீஷ்ல மெதுவாத்தான் சொன்னார்: "சீனாக்காரங்களே இன்னும் எங்க ஊர்ப்பேரை அழிக்கல. நீங்க ஆம்பூர்ல உட்கார்ந்துகிட்டு அழிச்சுட்டீங்களே."

பாயின் கேள்வி

நானும் பாயும் துறைமுகத்துக்கே போய் பழைய பேரைத் திரும்ப அடிச்சோம். சரக்கு தப்பிச்சுது. ஆனா அடுத்த ஆர்டர் வருமான்னு ஷெட்டுல யாருக்கும் சோறு இறங்கல.

கொஞ்ச மாசம் கழிச்சு லாவே வந்தார். மேனேஜர் மாலையோட நிக்கிறார். பாய் குறுக்க புகுந்து, ஊரைக் குடுக்கறப்ப உங்களக் கேட்டாங்களான்னு கேட்டுட்டார். போச்சு, ஆர்டர் போச்சுன்னு நினைச்சேன். பாய் என்ன கேட்டார்னு லாவ் என்னைப் பார்க்க, இங்கிலீஷ்ல சொல்லாம தப்பிக்கவும் முடியல, சொல்லிட்டேன். லாவ் பாயோட மை படிஞ்ச கையைப் பிடிச்சுக்கிட்டார், ரொம்ப நேரம் விடல. ஆர்டர் உங்களுக்குத்தான்னு என்கிட்ட சொல்லிட்டு, பாயைப் பார்த்தார். "இல்ல. இன்னிக்குத்தான் என்னை முதல் தடவையா ஒருத்தர் கேக்கறார்."

இப்பல்லாம் பெட்டியில ஒரு எழுத்தை மாத்தணும்னாகூட பார்ட்டியைக் கேட்டுட்டுத்தான் மையைத் தொடறோம். ஊரையே மாத்தறவங்களுக்கு அந்த ரூல் கிடையாது போல.