நடேசண்ணையும் வெள்ளையாகக் கிடந்த ஏரிகளும்

நடேசண்ணை காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் குளிர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது வந்தது. யூனியன்வில் வீட்டிலிருந்து அவருடைய மகள் மாலதி அழைத்திருந்தாள். “அன்ரி, அப்பா விடியப்புறம் நித்திரையிலையே போயிட்டார். நீங்கள் வேலைக்கு வெளிக்கிடுற நேரம், அதுதான் இப்பவே எடுத்தன்” என்றாள். நான் மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களைப் புனிதர்களாக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். நடேசண்ணையை அறிந்தவர்கள் அப்படி ஒன்றைப் படித்தால் சிரிப்பார்கள். அவர் முன்கோபக்காரர். நாலு பேர் முன்னால் யாரும் தன்னைத் திருத்துவது அவருக்குப் பிடிக்காது. டொன் வலி என்ற ரொறன்ரோ நெடுஞ்சாலையின் வாகன நெரிசலை, பரம்பரைப் பகையாளியைத் திட்டுவதுபோல ஒவ்வொரு காலையும் திட்டிக்கொண்டுதான் அலுவலகத்துக்குள் நுழைவார். திட்டி முடித்ததும் தேநீர் போட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைப்பார்.

தொண்ணூறுகளின் பெரும்பகுதியை நாங்கள் இருவரும் ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் கழித்தோம். அவர் வரைபடம் கீறுபவர். நான் புள்ளிவிபரம் படித்தவள். தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எல்லாம் கரிபூ என்ற மானுக்காக. இந்த நாட்டின் இருபத்தைந்து சத நாணயக் குற்றியில் கொம்போடு இருப்பது அதுதான். ஒன்ராறியோவின் வடக்குக் காடுகளில் அது எங்கெங்கே நடமாடுகிறது, மரம் வெட்டும் கம்பனிகளுக்குக் கொடுக்காமல் எந்தப் பகுதியைக் காப்புக்காடாக ஒதுக்கவேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்போம்.

இந்த வேலையை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது இலேசாக இருக்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் நடேசண்ணையிடம், “அண்ணை என்ன செய்யிறியள்?” என்று கேட்டார்.

“இடம் பாத்துக் குடுக்கிறன்.”

“ஓ, ரியல் எஸ்டேற்றோ! எந்தப் பக்கம், மார்க்கமோ ஒஷாவாவோ?”

“இன்னும் வடக்காலை.”

“அங்காலை ஆர் வாங்கிறது?”

“மான்.”

அந்த மனிதர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “கொமிஷன் தருமோ?” என்றார்.

“இதுவரைக்கும் ஒரு மானும் தரேல்லை” என்றார் நடேசண்ணை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கரிபூ பெருங்கூட்டமாக ஓரிடத்தில் தங்குவதில்லை. குறைந்தபட்சம் எங்கள் காட்டுக் கரிபூக்கள் தங்குவதில்லை. பனிக்காலத்தில் முதிர்ந்த பைன் காடுகளில் பனியைக் கிளறி, நிலத்தில் படரும் வெளிறிய பாசியைத் தின்னும். குட்டி போடும் காலத்தில் பெண்மான்கள் ஓநாய்க்கு எட்டாத இடம் தேடித் தனித்தனியே பிரிந்துவிடும். சில மான்களின் கழுத்தில் வானொலிப் பட்டி கட்டியிருந்தார்கள். சிறிய விமானம் ஒன்று மேலே பறந்து அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும். பிடித்த ஒவ்வொரு இடமும் நடேசண்ணையின் வரைபடத்தில் ஒரு புள்ளி.

அவருடைய மிகப் பெரிய வேலையில், முதலில் அவர் கீறிய எல்லை வெளிப்புறப் புள்ளிகளை அப்படியே ஒட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. “இனி ஒருத்தனும் கேள்வி கேக்கேலாது. ஒவ்வொரு மூலையிலும் எனக்குச் சாட்சி இருக்கு” என்றார். யாழ்ப்பாணத்தார் வேலிச் சண்டைக்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள். அவருடைய தகப்பனாரும் ஏறியவர்தான்.

“அண்ணை, உது வேலி அடைச்சது மாதிரியெல்லோ கிடக்கு” என்றேன். “கடைசிக் கதியால் தடியோடை ஒட்டி அடைச்சிருக்கிறியள். மான் என்ன காணி உறுதி எழுதியே வைச்சிருக்கு?”

“அப்ப நீர் கீறும்.”

“நான் கீறேல்லை, கேக்கிறன். கிழக்காலை இந்த ஏரியள் முழுக்க வெள்ளையாக் கிடக்கு. ஏன் ஒரு புள்ளியும் இல்லை?”

“மான் இல்லை. அதாலை புள்ளி இல்லை.”

“பிளேன் போனதோ?”

அவர் கதிரையைத் திருப்பிக்கொண்டார். அன்று பின்னேரம் முழுவதும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் புட்டுப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். விமானக்காரரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டிருந்தார். “தங்கச்சி, கோடை துவங்கேக்கை காட்டுத்தீயும் துவங்கியிடும். பிளேன் எல்லாம் நெருப்புப் பாக்கப் போயிடுமாம். மான் குட்டி போடுறதும் அந்த நாளிலைதான். அந்த ஏரியளுக்கு மேலாலை அந்தக் காலத்திலை ஒருத்தரும் பறக்கேல்லை.”

அந்த ஏரிக்கரைகளில்தான் முதலில் மரம் வெட்டுவதாக இருந்தது. வரும் பனிக்காலத்தில் பாதை போடத் திட்டம். அதற்கு முன் வடக்கே ஒரு சிறு பட்டினத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். எல்லையை முடிவுசெய்பவர்களின் முன்னால் நடேசண்ணை தன் வரைபடத்தை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் மேலதிகாரி, நல்ல மனிதர், தெளிவாகவே சொன்னார்: ஏரிகளை விட்டுவிடுங்கள். கையில் உள்ளதைக் கேட்டால் கிடைக்கும். வரைபடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நாமே சொன்னால் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். நானும் அவர் பக்கம்தான். தரவு இல்லாத இடத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பதே நான் படித்த படிப்பு.

“திறக்கவேணும்” என்றார் நடேசண்ணை. “தெரியாது எண்டு சொல்லுறதுக்குத் திறக்கவேணும்.”

கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. ஒளிபுகும் தாளில் கீறிய வரைபடத்தை விளக்கொளியில் சுவரில் விழுத்திவிட்டு, அவர் புள்ளிகளைப் பற்றிப் பேசவே இல்லை. வெள்ளையாகக் கிடந்த ஏரிகளில் பென்சிலை வைத்து, தன் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில், “இங்கே எனக்கு ஒன்றும் தெரியாது” என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்த எங்கள் மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். கம்பனிக்காரர் ஒருவர் எழுந்து, “உங்களுடைய அறியாமைக்கும் சேர்த்துக் காப்புக்காடு கேட்கிறீர்களா?” என்றார். மண்டபம் சிரித்தது.

“ஆம்” என்றார் நடேசண்ணை. “விட்ட மரத்தை நீங்கள் அடுத்த வருடமும் வெட்டலாம். வெட்டிய காட்டில் நான் மானைத் தேட முடியாது.”

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கம்பனிக்காரர் கேட்பதற்காகக் கொண்டுவந்திருந்த மற்றக் கேள்விகளுக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் இவர் தானே சொல்லிவிட்டிருந்தார். திரும்பி வரும்போது, “ஏன் அண்ணை உங்கட பிழையை நீங்களே முதல்லை காட்டினியள்?” என்று கேட்டேன். “அவங்கள் பிடிச்சால் அது களவு. நான் சொன்னால் அது கணக்கு” என்றார். பிறகு நன்றாக நித்திரை கொண்டார்.

அடுத்த கோடைத் தொடக்கத்தில் பறந்து பார்க்கும் வரை ஏரிகளைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் மேற்கே, புள்ளிகள் நிறைந்த ஒரு துண்டு கைவிட்டுப் போயிற்று. எனக்கு அது வயிற்றெரிச்சல். அவருக்கு இல்லை. “கேட்டது முழுக்கக் கிடைச்சால் குறைச்சுக் கேட்டிட்டம் எண்டு அர்த்தம்” என்றார். அந்த வசனத்தின் தர்க்கத்தை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

அந்தக் கோடையில், தீக்காலம் தொடங்குமுன்பே ஒரு விமானத்தை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார்கள். ஒரு ஆசனம் மிச்சம் இருந்தது. அத்தனை வருடத்திலும் எங்கள் இருவரில் ஒருவரும் உயிருள்ள கரிபூவைக் கண்டதில்லை. எனக்கு உயரம் ஒத்துவராது. அவர் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறி, அரை ஆளாக இருந்தார். போகவும் வரவும் வாந்தி என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

“கண்டியளோ?” என்றேன்.

“முதல் ஏரியிலை ஒண்டும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நீர் சிரிக்கப்போறீர் எண்டு நினைச்சன்.”

“பிறகு?”

“பிறகு ஒரு தீவுக்குக் கிட்ட, தண்ணியிலை ஒரு தலை நீந்திப் போச்சு. அதுக்குப் பின்னாலை ஒரு சின்னத் தலை.”

“படம் எடுத்தியளோ?”

“கையிலை வாந்திப் பை. எப்பிடி எடுக்கிறது?”

அதன் பிறகு பட்டி கட்டிய மான்களும் அதே ஏரிகளில் அகப்பட்டன. எல்லை அவற்றையும் உள்ளடக்கித்தான் நிற்கிறது. அதற்குப் பதிவு உண்டு, நானே சரிபார்த்தேன். ஆனால் அவர் முதலில் கண்ட அந்த இரண்டுக்கும் படமும் இல்லை, சமிக்ஞையும் இல்லை, அவருடைய சொல் மட்டும்தான். சாட்சி இல்லாமல் எதையும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நீரில் போன அந்தப் பெரிய தலையையும் சின்னத் தலையையும் மட்டும், அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.