கென்யாக் கிழவியும் நானும்

என் வீட்டுக்காரர் கென்யாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்துவிட்டு, போன ஆவணியில் தோவாளைக்கே திரும்பிவிட்டார். ஆள்தான் வந்தாரே தவிர, பேச்சு முழுக்க அங்கே குடியிருந்த வீட்டின் ஓனரம்மாவைப் பற்றித்தான். தொண்ணூறை எட்டப்போகிற கிழவி. வெள்ளைக்காரன் பிடுங்கிய நிலத்துக்காகக் காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட மாவ் மாவ் ஆட்களுக்கு, கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோனவளாம். காட்டுக்குச் சோறு போகாதபடி வெள்ளைக்காரன் ஊரைச் சுற்றி அகழி வெட்டிக் காவல் போட்டிருந்தானாம். ஆட்டுக்கு அறுத்த சர்க்கரைவள்ளிக் கொடிக்கட்டுக்குள் அவித்த கிழங்கை ஒளித்து, சிப்பாய் கண்முன்னாலேயே கடந்துபோவாளாம்.

இதை டீக்கடையிலும் சொன்னார், கல்யாணப் பந்தியிலும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வரும். என்னைப் பற்றிப் பேசி அது வந்ததே இல்லை. சிரிப்பவர்கள் சிரியுங்கள், கிழவி என்றும் பாராமல் எனக்கு வயிறு எரிந்தது. அவள் கஞ்சியின் ருசியை இவர் புகழ்ந்த அன்று அவியலில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். அதையும் கவனிக்காமல் தின்றுகொண்டே அகழியின் ஆழத்தைச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழவியை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அவள் சுவாஹிலிக்கும் என் தமிழுக்கும் நடுவில் இவர். நான் குத்தலாகவே ஆரம்பித்தேன்.

“இவ்வளவு கதையையும் கெட்டுனவன்ட்ட சொல்லாம, வாடகைக்கு வந்த ஆளுட்டயா சொல்லணும்? கேளுங்க.”

கிழவி கோபப்படவில்லை. அப்போது அவள் புருஷனை வெள்ளைக்காரன் கைதி முகாமில் அடைத்திருந்தானாம். வெளியே வந்தவர், சாகும்வரை தான் பட்ட அடியைத்தான் சொன்னாராம். நீ என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லையாம். முதன்முதலில் கேட்டது என் வீட்டுக்காரர்தானாம். இதைச் சொல்லும்போது இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு கிழவி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவர் அதை மொழிபெயர்க்காமல் போனைத் திருப்பி வாங்கப் பார்த்தார்.

“என்ன கேக்கா?”

“நான் அங்க கிடந்த காலம், உனக்கு இங்க எப்பிடி கழிஞ்சுதுன்னு கேக்கா.”

“சொல்லுகேன். ஒரு வார்த்தை விடாம அவளுக்குச் சொல்லணும்.”

அவர் அம்மை படுக்கையில் விழுந்ததிலிருந்து தொடங்கினேன். மலமும் மூத்திரமும் அள்ளியதைச் சொன்னேன். கண் தெரியாத அந்த அம்மை மகனைக் கேட்டுக் கேட்டு அரற்றியதையும், கடைசி நாளில் என் கையைத் தடவி மகன் கை என்று நினைத்துக்கொண்டதையும், நான் வாய்திறக்காமல் இருந்துவிட்டதையும் சொன்னேன். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து வந்தவர், அங்கே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“போதும்ட்டி.”

“எனக்கு என்னத்துக்குச் சொல்லுகியோ? அவட்ட சொல்லுங்க. கேட்டது அவளாக்கும்.”