சர்க்கரை இல்லாத தரை

என் தம்பி ஆர்லென் கிஸ்ட்லரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான மனுஷன், பஸ்ஸை மட்டும் ஆமை வேகத்தில் ஓட்டுவான் என்பார்கள். முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பென்சில்வேனியா குளிரில் ரோடு முழுக்க ஐஸ் பிடித்துக் கிடந்தாலும், நாற்பது பிள்ளைகளையும் அலுங்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவான். இன்றுவரை பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது.

அதே ஆள்தான் வருஷத்தில் ஒரே ஒரு வெள்ளி, சனி மட்டும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு குட்டிக் காரில் ஏறி உட்காருவான். குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிய கார், அதில் மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஜனவரியில் வெளியே எங்கும் பந்தயம் விட முடியாது என்பதால் உள்ளரங்கத்தில் விடுகிறார்கள். ஐஸ் ஹாக்கி ஆடுகிற அரங்கம்தான். ஐஸை எடுத்துவிட்டால் அடியில் வெறும் சிமெண்டுத் தரை. ஒரு சுற்றுக்கு ஒன்பது விநாடிகூட ஆகாது. பெட்ரோல் புகையும் பாப்கார்ன் வாசனையுமாக அந்த இரண்டு நாளும் இருக்குமே, அதற்காக நான் மற்ற எல்லாப் பண்டிகையையும் விட்டுக்கொடுப்பேன்.

டயர் பார்ப்பது, கடிகாரம் பிடிப்பது, திட்டுவது மூன்றும் என் வேலை. மூன்றாவதில் எனக்கு நிகர் யாருமில்லை.

சனிக்கிழமை ஃபைனலில் இருபத்து நான்கு கார்கள் ஓடும். பத்தொன்பது வருஷத்தில் ஆர்லென் ஒருமுறைகூட அந்த இருபத்து நான்கில் வந்ததில்லை. இந்த வருஷம் காரை வேனில் ஏற்றும்போதே சொல்லிவிட்டான்.

"அக்கா, எனக்கு ஐம்பத்து மூணு ஆச்சு. இந்தத் தடவையும் ஃபைனல் கிடைக்கலன்னா வண்டியக் குடுத்துடறேன். ஜெயிக்கணும்னுல்லாம் இல்ல. ஒரு தடவ அந்தக் கூட்டத்தோட நின்னுட்டா போதும்."

"நிப்ப நிப்ப. முதல்ல கயித்த ஒழுங்காக் கட்டு" என்றேன். ஆனால் அவன் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் சொன்னால் செய்கிற ஆள்.

வெறும் சிமெண்டில் ரேஸ் டயர் நிற்காது, வழுக்கும். அதற்காக முந்தின நாளே தரை முழுக்கக் கோலா சிரப்பைத் தெளிப்பார்கள். கடைகளில் சோடாவோடு கலந்து விற்கிற அதே கெட்டிச் சாறுதான். காய்ந்ததும் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். நடந்தால் செருப்பு நின்றுவிடும், கால் மட்டும் முன்னால் போகும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதைப் பார்ப்பது எங்களுக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு.

இந்த வருஷம் சிரப் வர வேண்டிய லாரி பனியில் மாட்டிக்கொண்டது. பந்தயம் நடத்துகிற மெர்வ் டீட்ரிக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் தேதி முடிந்த சிரப் பெட்டிகள் பன்னிரண்டு சும்மா கிடந்தன. மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, என் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஓட்டுநர்கள் கூட்டத்தில் மெர்வ் என் பேரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ராணி மாதிரி நின்றேன், பொய் சொல்வானேன்.

முதல் பயிற்சியிலேயே கார்கள் சறுக்கின. சுவரில் இடிக்காதவர்கள் பாக்கியவான்கள். மெர்வ் கார் நிறுத்தும் கூடாரம் ஒவ்வொன்றாகப் போய், "பொறுங்கப்பா, ரப்பர் ஏறட்டும், பிடிச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, தரை பிடிக்கவேயில்லை.

ஆர்லென் அவனுடைய தகுதிச் சுற்றில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். மூன்று பேர் நேராக ஃபைனலுக்குப் போகலாம். இன்னும் இரண்டே சுற்று. நான் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில், தரை பிடிக்கும் என்று நம்பி அழுத்தினான். கார் ஒரு சுழற்சி சுழன்று, வந்த வழியையே பார்த்தபடி நின்றது. ஏழு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

அவன் திரும்பி வந்ததும் பிடித்தேன் ஒரு பிடி.

"கண்ணு எங்கடா இருந்துது? பத்தொன்பது வருஷமா ஓட்டற, ஒரு வளைவு திரும்பத் தெரியல! பஸ்ஸுலயே உக்காந்து உக்காந்து உன் மூளையும் மஞ்சளாப் போச்சா?"

பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆமாக்கா, என் தப்புதான்" என்றான். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு அன்றே ஆறியிருக்கும்.

இனி அவனுக்கு ஒரே வழிதான். சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி வாய்ப்புப் பந்தயம். தோற்றவர்களெல்லாம் சேர்ந்து ஓடுவார்கள், முதல் இரண்டு பேருக்கு மட்டும் ஃபைனலில் இடம்.

சனிக்கிழமை காலையில் டயர் மாற்றும்போது ஒரு நட்டு உருண்டு போயிற்று. எடுக்கக் குனிந்தபோது விரலில் தரை ஒட்டவில்லை என்பது உறைத்தது. என்ன கருமமோ என்று விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பு வந்தது. பின்னாலேயே அடிநாக்கில் ஒரு கசப்பு வந்தது. அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அதைத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சர்க்கரை போட்ட பானம் கூடாது என்று சட்டம். பெட்டி மேலே எழுதியிருந்ததைப் படிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. சர்க்கரையே இல்லாத சிரப்பைத் தெளித்துவிட்டு, ஊரே ஒட்டும் ஒட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

நேற்று அவன் சுழன்றது என்னால். நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டது அவன்.

ஆர்லென் மூலையில் உட்கார்ந்து, பொரித்த முட்டையும் சோளமாவும் பன்றிக்கறியும் சேர்த்து வறுத்த ஸ்க்ராப்பிள் துண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன். முதலில் விழித்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன், காபி மூக்கில் ஏறி இருமி, மறுபடியும் சிரித்தான்.

"டயட்டா! அக்கா, தரைய இளைக்க வச்சிட்டியே!"

"சிரிக்காதடா. நான் போய் மெர்வ் கிட்டச் சொல்லிடறேன்."

உடனே சிரிப்பை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேணாம். நாலு மணி வரைக்கும் வாயத் திறக்காத."

"ஏன்?"

"ஒவ்வொருத்தனும் இன்னிக்காவது பிடிக்கும்னு நம்பி அழுத்தப்போறான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் இது பிடிக்கவே பிடிக்காதுன்னு தெரியும். அப்போ இது ஐஸ் ரோடுக்கா. ஐஸ்ல எனக்கு யாரு சொல்லித் தரணும்? முட்டைய மிதிக்கற மாதிரி மிதிச்சிட்டுப் போயிட்டே இருப்பேன், அவன்லாம் தானே சுத்துவான்."

அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சரி என்றேன். பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் காப்பாற்றாத நான், அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். மெர்வ் எதிரே வந்தால் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பன்னிரண்டரை மணிக்குச் சின்னப் பிள்ளைகளின் கோ-கார்ட் பந்தயம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. பதினாலு குட்டி வண்டிகள் வரிசையில் நின்றன. ஆர்லென் கம்பி ஓரமாக என் பக்கத்தில் வந்து நின்றான். வரிசையில் இருந்த இரண்டு பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒன்று தலைக்கவசத்துக்குள்ளிருந்தே கத்தியது.

"ஆர்லென் மாமா! இன்னிக்கு உங்க பஸ்ஸ விட நான் வேகமாப் போவேன்!"

அவனும் கையசைத்தான். பிறகு அந்தக் கை அப்படியே கம்பியில் இறங்கியது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேய், வேணாண்டா" என்றேன். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். "பிள்ளைங்க வண்டி அவ்வளவு வேகம் போகாதுடா. இன்னும் மூணரை மணி நேரந்தான்."

"அக்கா, அதுங்க தரைய நம்பி ஏறி உக்காந்திருக்குங்க" என்றான். கம்பியைத் தாண்டிக் குதித்துத் தளத்தின் நடுவே நடந்தான். அங்கே மெர்வ் பச்சைக் கொடியைத் தூக்கியிருந்தார்.

"மெர்வ் அண்ணே, நிறுத்துங்க! தரையில சர்க்கரையே இல்ல!"

மெர்வுக்குப் புரியவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். இந்தப் பழியையும் அவன் தலையில் போட முடியாதே. மெர்வின் கையிலிருந்த மைக்கை வாங்கி, "நான் கொண்டுவந்தது டயட் சிரப். தப்பு என்னுது, நாடின் கிஸ்ட்லரோடது" என்றேன். அரங்கமே வெடித்துச் சிரித்தது. முந்தின நாள் கைதட்டிய அதே ஆட்கள் இப்போது விசிலடித்தார்கள்.

தரையைக் கழுவினார்கள். அரங்கத்தில் இருந்த பானக் கடைகள் எல்லாம் தங்கள் சிரப்பைக் கொடுத்துவிட்டன. அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் தண்ணீர்தான் குடித்தார்கள், போகும்போதும் வரும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தபடி. மூன்று மணிக்குத் தரை என் செருப்பைப் பிடித்து இழுத்தது. பிள்ளைகள் ஓட்டினார்கள். ஒன்றுகூடச் சுழலவில்லை.

ஆறு மணிக்குத்தான் கடைசி வாய்ப்புப் பந்தயம் நடந்தது. ஆர்லென் ஒன்பதாவது இடத்தில் கிளம்பினான். பிடிக்கிற தரையில் இளவட்டங்களின் எஞ்சினுக்கு அவனுடையது ஈடாகாது. ஆனாலும் ஒவ்வொருவராகத் தாண்டினான். ஏழு, ஐந்து, நாலு. கடைசிச் சுற்றில் மூன்றாவதாக இருந்தான். இரண்டாவது காரின் பின்னால் மூக்கை நுழைத்து, அதன் பக்கவாட்டுக்கு வந்து, வளைவு முழுவதும் ஒட்டிக்கொண்டே போனான். கோட்டைத் தாண்டும்போது அவனுடைய முன் டயர், அந்தக் காரின் முன் டயருக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது.

மூன்றாவது. ஒரு முழம்.

நான் தலைகுனிந்து நின்றேன். அவன் காரைக் கூடாரத்துக்குள் நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லுக்கா. ஆரம்பி."

வாயைத் திறந்தேன். "நேத்து உன்னத் திட்டினதெல்லாம் நான் வாங்க வேண்டியதுடா. இன்னிக்கு நீ ஓட்டின மாதிரி நான் யாரையும் பாத்ததில்ல" என்றேன். ஐம்பத்து மூன்று வருஷத்தில் அவனைப் பார்த்து நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவன் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது ரெடிங் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். தோல் சட்டை, கையில் அளவு டேப். வண்டி விலைக்கு வரும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஆர்லென் தலையசைத்தான். "ஆமா, குடுக்கறதுதான். அக்கா, வண்டியப் பத்தி நீயே சொல்லு, உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

நான் சொன்னேன். முன் அச்சு இரண்டு தடவை வளைந்து நிமிர்த்தியது. மூணாவது கியர் அதுவாக நினைத்தால்தான் விழும். எஞ்சின் சூடானால் எண்ணெய் குடிக்கும், ஆறினால் கக்கும். அடிச்சட்டத்தில் பற்றவைத்த இடம் பதினொன்று, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவும் சத்தியம். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

அந்த ஆள் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணின?" என்றான் ஆர்லென். "இன்னொருத்தன் வந்தா?"

"அவன்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன்" என்றேன். "எத்தன பேரு வேணா வரட்டும்டா. எனக்கு வாய் வலிக்காது."